வட்டம் வட்டமாகவே இருக்க

செஸ்னா 172 போன்ற ஒரு சிறு விமானத்தின் இடப்புற இருக்கையில் உட்கார்ந்தால், முகத்துக்கு நேரே ஆறு வட்ட டயல்கள் தெரியும். மேல் வரிசையில் வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி. கீழ் வரிசையில் திருப்பமானி, திசைமானி, ஏற்ற இறக்கமானி. புதிய திரைகள் வருவதற்கு முன் கட்டிய சிறு விமானங்கள் பலவற்றிலும் இதே ஒழுங்குதான். ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி உட்காரும் விமானி எந்த டயல் எங்கே என்று தேடக்கூடாது என்பதற்காக வந்த ஒழுங்கு அது. இந்த ஆறு வட்டங்களையும், விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் மென்பொருளின் பேனலாக, வீட்டு மேஜையில் இருக்கும் அகலமான மானிட்டருக்குள் கொண்டுவருவது எப்படி என்று இன்று சேர்ந்து பார்ப்போம். டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சில்லை, நிதானமாகவே போகலாம்.

முதலில், பேனல் என்றால் என்ன? மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982-இல் ஐபிஎம் கணினிக்கு வந்தபோதே திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. மேற்பாதியில் வெளியுலகம், கீழ்ப்பாதியில் கருவிகள். அந்தக் கீழ்ப்பாதிதான் பேனல். பிறகு வந்த பதிப்புகளில் அது ஒரு படமாகவே ஆனது. விமானத்தின் முன்பலகையை ஓவியம்போல வரைந்து திரையின் கீழே ஒட்டிவிடுவார்கள். அதன்மேல் ஒவ்வொரு டயலையும் தனித்தனியாக உட்கார வைப்பார்கள். படத்துக்குப் பின்னால் வானமும் நிலமும் ஓடிக்கொண்டிருக்கும். 2003-இல் வந்த எஃப்எஸ் 2004, 2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் ஆகிய பதிப்புகள் இரண்டிலும் இந்தத் தட்டைப் பேனல் உண்டு. கூடவே, தலையைத் திருப்பிப் பார்க்கக்கூடிய முப்பரிமாண காக்பிட்டும் இருந்தது. ஆனாலும் எண்களைத் தெளிவாகப் படிக்க விரும்பியவர்கள் தட்டைப் பேனலையே நாடினார்கள்.

அந்தப் பேனல்கள் எல்லாம் ஒரே ஒரு திரை வடிவத்தை மனதில் வைத்து வரையப்பட்டவை. அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. பழைய குமிழ்த் திரைத் தொலைக்காட்சியின் வடிவம் அது. 1024-க்கு 768 என்ற பிக்சல் கணக்கும் அதே விகிதம்தான். பிறகு கடைகளில் 16-க்கு 10 என்ற மானிட்டர்கள் வந்தன, தொடர்ந்து 16-க்கு 9 வந்து நிலைத்தது. இன்று மேஜைகளில் இருப்பவை பெரும்பாலும் 1920-க்கு 1080 அல்லது அதன் மடங்குகள். வடிவம் மாறிவிட்டது, பேனல் மாறவில்லை. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

பேனல் மாறாமல் போனதற்குக் காரணம் அதன் கோப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு விமானத்தின் கோப்புறையிலும் பேனல்.சிஎஃப்ஜி என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும்; நோட்பேடில் திறந்து படிக்கலாம். எந்தப் படம், எந்த டயல், அது எந்த இடத்தில், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று வரி வரியாக எழுதியிருக்கும். பேனல் திரையில் எவ்வளவு இடத்தை அடைக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். அது பிக்சலில் இருக்காது, பின்னத்தில் இருக்கும். அகலம் 1 என்றால் முழுத்திரை அகலம், உயரம் 0.5 என்றால் திரையில் பாதி உயரம். எழுதியவர் மனதில் இருந்தது பழைய திரையின் முழு அகலம். நம் கணினி எடுத்துக்கொள்வது இப்போதைய திரையின் முழு அகலம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறது. விளைவாகப் படம் பக்கவாட்டில் மட்டும் இழுபடுகிறது, வட்டம் நீள்வட்டம் ஆகிறது.

எவ்வளவு இழுபடுகிறது? ஒரே உயரத்தில் வைத்துப் பார்த்தால் 16-க்கு 9 திரை, 4-க்கு 3 திரையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக அகலம். ஆகவே 150 பிக்சல் உயரமுள்ள டயல் 200 பிக்சல் அகலத்துக்கு விரிகிறது. 17, 19 அங்குலத் தட்டைத் திரைகள் பலவற்றில் 1280-க்கு 1024 என்ற கணக்கு இருந்தது நினைவிருக்கலாம். அது 5-க்கு 4. அதில் பழைய பேனல்கள் ஆறு சதவீதம் ஒடுங்கித் தெரிந்தன. ஆறு சதவீதத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும். முப்பத்து மூன்றைப் பொறுக்காது.

டயல் கொஞ்சம் நசுங்கினால் என்ன, முள் காட்டும் எண்ணைத்தானே படிக்கிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேகமானியில் அந்தப் பதில் ஏறக்குறைய சரி. முள்ளும் எண்களும் சேர்ந்தே இழுபடுவதால் 85 என்ற கோட்டில் நிற்கும் முள் அங்கேயேதான் நிற்கும். ஆனால் மேல் வரிசையின் நடுவில் இருக்கும் செயற்கை அடிவானத்துக்கு வருவோம். மேலே நீலம், கீழே பழுப்பு, நடுவே ஒரு கோடு. விமானம் சாய்ந்தால் அந்தக் கோடும் சாயும். மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது விமானியின் உயிர் அந்தக் கோட்டின் சாய்வில் இருக்கிறது.

விமானத்தை 30 டிகிரி சாய்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் வழியே தெரியும் உண்மையான அடிவானம் சரியாக 30 டிகிரி சாய்ந்து நிற்கும், ஏனென்றால் வெளியுலகத்தை சிமுலேட்டர் திரையின் வடிவமறிந்துதான் வரைகிறது. பேனலில் உள்ள கோடோ பக்கவாட்டில் இழுக்கப்பட்டு 23 டிகிரியாகப் படுத்துவிடுகிறது. 45 டிகிரி சாய்வு 37 டிகிரியாகத் தெரியும். டயலின் விளிம்பிலுள்ள கோடுகளை எண்ணிப் படித்தால் 30 என்றே வரும். ஆனால் செயற்கை அடிவானத்தை யாரும் எண்ணிப் படிப்பதில்லை. ஒரு கணம் பார்த்து சாய்வை உணர்கிறோம். அந்த ஒரு கணத்தில் ஜன்னல் ஒன்று சொல்கிறது, டயல் வேறொன்று சொல்கிறது. பயிற்சிக்காக சிமுலேட்டரில் உட்காரும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. கை தவறான அளவைப் பழகிக்கொள்ளும்.

திரையில் வட்டம் வரைவது எப்போதுமே இப்படிக் கவனம் கேட்டிருக்கிறது. 1982-இன் அந்த முதல் பதிப்பு ஓடிய வண்ணத் திரையில் 320-க்கு 200 புள்ளிகள். அந்தப் புள்ளிகளை 4-க்கு 3 வடிவத் திரையில் பரப்பியதால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் கூடியதாக இருந்தது. வட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் 100 புள்ளி அகலத்துக்கு 83 புள்ளி உயரம்தான் வைக்க வேண்டும். கணக்கில் நசுக்கி வரைந்தால்தான் கண்ணுக்கு வட்டம் கிடைத்த காலம் அது. இன்று புள்ளிகள் சதுரம். அதனால் நமக்கு விதி எளிது: அகலத்தையும் உயரத்தையும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும், இரண்டுக்கும் வேறு வேறு எண் வரவே கூடாது.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பேனலைப் புதிய திரைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். 4-க்கு 3 படத்தை 1920 அகலத்துக்குப் பெருக்கினால் உயரம் 1440 வரும். திரையில் இருப்பது 1080. முந்நூற்று அறுபது வரிசைகளை எங்காவது வெட்ட வேண்டும். மாறாக 1080 உயரத்துக்குப் பெருக்கினால் அகலம் 1440-இல் நின்றுவிடும். இருபுறமும் 240 பிக்சல் காலியாகக் கிடக்கும். வெட்டுவதா, நிரப்புவதா? பேனல் வடிவமைப்பவர் முன் நிற்கும் உண்மையான கேள்வி இதுதான்.

இதற்குப் பதில் சொல்வதற்கு முன், எல்லாருக்கும் இருக்கிற ஒரு நம்பிக்கையைக் கொஞ்ச நேரம் பிரித்துப் பார்க்க வேண்டும். அகலத்திரை என்றால் பெரிய திரை, அதில் கூடுதல் இடம் இருக்கிறது, ஆகவே டயல்களைப் பெரிதாக வைக்கலாம் என்பதுதான் அந்த நம்பிக்கை. பெட்டியின்மேல் 22 அங்குலம் என்று அச்சிட்டிருக்கும். பழைய திரை 20 அங்குலம். இருபதைவிட இருபத்திரண்டு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் அந்த எண் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்த கோட்டின் நீளம். அந்தக் கோடு எவ்வளவு அகலத்துக்கும் எவ்வளவு உயரத்துக்கும் நடுவே ஓடுகிறது என்பதை அது சொல்வதில்லை.

ஒரு காகிதத்தில் கணக்கைப் போட்டுவிடுவோம். 20 அங்குல 4-க்கு 3 திரையில் அகலம் 16, உயரம் 12 அங்குலம். 22 அங்குல 16-க்கு 9 திரையில் அகலம் 19.2, உயரம் 10.8. இரண்டு அங்குலம் பெரிய திரை வாங்கி, உயரத்தில் ஒரு அங்குலத்துக்குமேல் இழந்திருக்கிறோம். சரி, 24 அங்குலம்? அகலம் 20.9, உயரம் 11.8. இன்னமும் பழைய இருபதின் உயரம் வரவில்லை. 24.5 அங்குலம் வாங்கினால்தான் அந்த 12 அங்குல உயரம் திரும்பக் கிடைக்கும். பிக்சலிலும் இதே கதைதான். நல்ல பழைய மானிட்டர்களில் 1600-க்கு 1200 இருந்தது. அதில் 1200 வரிசைகள். முழு எச்டி திரையில் 1080.

உயரம் குறைந்தால் போகட்டும், அகலம் கிடைத்ததே என்று ஆறுதல் கொள்ள முடியுமா? டயல் வட்டமாக இருக்கும்வரை முடியாது. சமையலறை அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டின் அகலத்தைக் கூட்டினால் இன்னும் நாலு டம்ளர் வைக்கலாம். மேல்தட்டு தாழ்வாக இருந்தால் குடம் மட்டும் உள்ளே போகாது. வட்ட டயல் அந்தக் குடம். அதன் அளவைத் தீர்மானிப்பது உயரம்.

உண்மையான விமானத்தில் அந்த டயல்களுக்கான துளை 3 1/8 அங்குலம், ஏறக்குறைய 79 மில்லிமீட்டர். திரையின் பாதி உயரத்தைப் பேனலுக்குக் கொடுக்கிறோம் என்றால் 24 அங்குல அகலத்திரையில் நமக்குக் கிடைப்பது 5.9 அங்குலம். இரண்டு வரிசை டயல்களுக்கே உண்மை அளவில் ஆறேகால் அங்குலம் வேண்டும், அதுவும் நடுவே இடைவெளியே இல்லாமல். ஆகவே டயல் இரண்டரை அங்குலத்துக்கு இறங்கிவிடும். பக்கத்தில் எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் அது டயலை ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிதாக்காது. இதைப் புரிந்துகொண்டால் அகலத்திரைப் பேனலின் பாதி வேலை முடிந்த மாதிரி. உயரத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்க வேண்டும், அகலத்தைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கஞ்சத்தனத்துக்கு இன்னொரு பங்காளி இருக்கிறார்: ஜன்னல். பேனல் எவ்வளவு உயரம் எடுக்கிறதோ அவ்வளவு வெளியுலகம் மறைகிறது. எவ்வளவு மறையலாம்? இதற்குத் தரையிறங்கும் பாதை ஒரு அளவுகோல் தருகிறது. விமானங்கள் வழக்கமாக 3 டிகிரி சரிவில் இறங்கி வருகின்றன. அந்தச் சரிவில் இருக்கும்வரை, நாம் தொடப்போகும் இடம் அடிவானத்துக்கு 3 டிகிரி கீழே தெரியும். பத்து மைல் தொலைவிலும் அப்படித்தான், ஒரு மைலிலும் அப்படித்தான். ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வரும், ஆனால் அந்தப் புள்ளி அடிவானத்தைவிட்டு நகராது. விமானிகள் கண்ணாலேயே சரிவைச் சரிபார்ப்பது இதை வைத்துத்தான்.

திரை முழுவதும் மேலிருந்து கீழே 40 டிகிரி காட்சி தெரிகிறது என்று கொள்வோம். அப்போது 1080 வரிசையில் 3 டிகிரி என்பது சுமார் 78 வரிசை. விமானம் மட்டமாக இருக்கும்போது அடிவானம் திரையின் நட்ட நடுவில் விழும். பேனல் கீழ்ப்பாதி முழுவதையும் அடைத்தால்? அடிவானம் பேனலின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். ஓடுபாதை பேனலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்! இதற்காகத்தான் பேனல்.சிஎஃப்ஜி-யில் பார்வையின் கோணத்தைக் குறிக்கும் வரி ஒன்று உண்டு. பார்வையை 5 டிகிரி கீழே குனியவைத்தால் அடிவானம் சுமார் 130 வரிசை மேலே ஏறும். தொடவேண்டிய புள்ளி பேனல் விளிம்புக்கு மேல் 50 வரிசை உயரத்தில் தெரியும். நன்றாக வரைந்த பேனலையும் அவசரமாக வரைந்த பேனலையும் பிரித்துக் காட்டுவது பல நேரம் இந்த ஒரு எண்தான். மரச்சட்டமும் திருகாணித் தலைகளும் அச்சு அசலாக வரைந்திருப்பார்கள், ஆனால் ஓடுபாதை தெரியாது.

காட்சியின் கோணத்தைப் பற்றிப் பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எஃப்எஸ்எக்ஸ் அகலத்திரையைப் பார்த்ததும் தானாகக் கூடுதல் காட்சியைக் காட்டிவிடாது. பக்கவாட்டுக் கோணத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டிவிடும். பழைய திரையில் அகலவாக்கில் 52 டிகிரியும் உயரவாக்கில் 40 டிகிரியும் தெரிந்தது என்றால், புதியதில் அகலம் அதே 52, உயரம் 30 சொச்சம். ஏற்கெனவே உயரத்தில் ஏழையான திரையில் இன்னும் கால் பங்கு போய்விடும். அமைப்புக் கோப்பில் வைட் வியூ ஆஸ்பெக்ட் என்ற வரியை ஆம் என்று மாற்றினால் கணக்கு திரும்பும். உயரத்தின் 40 டிகிரி அப்படியே நிற்கும், அகலம் 66 டிகிரியாக விரியும். பேனலை வரைய உட்காருமுன் இதை முடித்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் அடிவானத்தைப் பற்றி மேலே போட்ட கணக்கையெல்லாம் மறுபடி போட வேண்டியிருக்கும்.

இப்போது அகலத்துக்கு வருவோம், தாராளமாகச் செலவழிக்கலாம் என்று சொன்ன அந்த இடத்துக்கு. பழைய 4-க்கு 3 பேனலில் ஆறு டயல்களை வைத்ததுமே இடம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதனால் ரேடியோ அடுக்கைத் தனி ஜன்னலாக ஒளித்து வைத்திருந்தார்கள். செஸ்னாவில் ஷிஃப்ட் 2 அழுத்தினால் அது வந்து நிற்கும், வேலை முடிந்ததும் மூட வேண்டும். உண்மையான விமானத்தில் ரேடியோ எங்கும் ஒளிந்துகொள்வதில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பலகையின் நடுவில் எப்போதும் இருக்கிறது. அகலத்திரை நமக்குத் தரும் உண்மையான வரம் இதுதான். ரேடியோவை அதன் சொந்த இடத்தில் நிரந்தரமாக வைத்துவிடலாம்.

செஸ்னா 172எஸ்-இன் பலகையை இடமிருந்து வலமாகப் பார்த்தால், ஓரத்தில் எரிபொருள், எண்ணெய் வெப்பம், அழுத்தம் காட்டும் சிறு மானிகள். அடுத்து ஆறு டயல்கள். அவற்றுக்கு வலப்புறம் வழிகாட்டி நிலையங்களைக் காட்டும் டயல்கள், அதன்பின் ரேடியோ அடுக்கு. அதற்கப்பால் பயணியின் பக்கம், பெரும்பாலும் வெறும் பலகை. நமக்குத் தேவையானதெல்லாம் இந்த வரிசையிலேயே இருக்கிறது. இருபுறமும் காலியாகக் கிடந்த 240 பிக்சலில் இடப்பக்கம் சிறு மானிகளும் கதவுத் தூணும் வரும், வலப்பக்கம் ரேடியோ வரும். உயரம் குறைந்த சிறு பொருள்கள் எல்லாம் ஓரங்களுக்குப் போய்விட, உயரம் கேட்கும் பெரிய டயல்கள் நடுவில் நிற்கும்.

நடுவில் என்று சொன்னேன், அதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. அகலத்திரை கிடைத்ததும் பலரும் செய்வது, முழுப் பலகையையும் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை அப்படியே வரைவது. படம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விமானி உட்கார்ந்திருப்பது இடப்பக்கம். அப்படி வரைந்தால் ஆறு டயல்களும் திரையின் இடக்கோடிக்குப் போய்விடும். வெளியே ஓடுபாதையோ திரையின் நடுவில், ரேடியோவுக்கு மேலே தெரியும். விமானத்தின் மூக்கு நேராகப் பார்க்கும் திசையை சிமுலேட்டர் எப்போதும் காட்சியின் மையத்தில்தான் வரையும் என்பதால் இப்படி ஆகிறது. உண்மையில் இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு ஓடுபாதை தன் முகத்துக்கு நேரே, தன் ஆறு டயல்களுக்கு நேர் மேலே தெரியும்.

இது ஏன் முக்கியம்? தரையிறங்கும்போது விமானியின் கண் ஓடுபாதைக்கும் டயல்களுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். மேகத்துக்குள் இருந்தால் டயல்களுக்குள்ளேயே சுற்றும். செயற்கை அடிவானத்தில் தொடங்கி உயரமானிக்குப் போய் மீண்டும் அடிவானத்துக்கு வரும், பிறகு திசைமானிக்குப் போய் மீண்டும் அடிவானத்துக்கு வரும். நடு டயலை வீடாக வைத்துக்கொண்டு கண் சுற்றும்படிதான் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த நடு டயல் ஓடுபாதைக்கு நேர் கீழே இருந்தால் பார்வை செங்குத்தாக இறங்கி ஏறும். திரையின் ஒரு கோடியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் குறுக்காக ஓட வேண்டும், கூடவே தலையும் திரும்பும். ஆகவே, பலகையின் முழு நீளத்தையும் காட்டும் ஆசையை விட்டுவிட்டு, செயற்கை அடிவானத்தின் மையத்தைத் திரையின் 960-ஆவது பிக்சலில் வைப்பதே சரி. வலக்கோடியில் பயணியின் வெறும் பலகை வெட்டுப்பட்டுப் போகும். போகட்டும், அதில் படிக்க எதுவும் இல்லை.

21-க்கு 9 என்று விற்கும் மிக அகலமான திரைகளில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகத் தெரியும். 3440 பிக்சல் அகலத்தில் ஒரு கோடியில் வைத்த வேகமானியை ஓரக்கண்ணால் படிக்க முடியாது. அங்கேயும் நடுவில் ஆறு டயல், அவற்றை ஒட்டி ரேடியோ. மிச்ச அகலத்தை ஜன்னலுக்கே விட்டுவிடலாம். பேனல் திரையின் முழு அகலத்தையும் அடைத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வரையும்போது தெரிந்திருக்க வேண்டிய சில நுணுக்கங்கள் உண்டு. பேனல் படத்தில் முழுக் கறுப்பு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0, ஒளி ஊடுருவும் இடமாக எடுத்துக்கொள்ளப்படும். ஜன்னல் பகுதியை அப்படித்தான் திறந்து விடுகிறோம். பலகையில் நிஜமாகவே கறுப்பு வேண்டும் என்றால் மூன்றையும் 1 என்று வைக்க வேண்டும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, சிமுலேட்டருக்குத் தெரியும். இதைத் தெரியாமல் வரைந்தால் டயலைச் சுற்றிய நிழலில் பொட்டுப் பொட்டாக வானம் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது எழுத்தின் அளவு. பேனலிலேயே மிகச் சிறிய எழுத்து உயரமானிக்குள் இருக்கும் குட்டி ஜன்னலில்தான். அன்றைய காற்றழுத்தத்தை அதில் பொருத்த வேண்டும். வழக்கமான கடல்மட்ட அழுத்தம் 29.92 அங்குலப் பாதரசம். அதில் ஒரு 9-ஐ 8 என்று படித்து 29.82 வைத்தால் உயரமானி ஏறத்தாழ 100 அடி தவறாகக் காட்டும். டயல் சுருங்கும்போது இந்த எண்கள் முதலில் கரைந்துபோகும். ஒவ்வொரு எண்ணும் பத்துப் பிக்சல் உயரமாவது இருக்கும்படி அந்த ஜன்னலை மட்டும் உண்மை அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக வரைவதில் எனக்குத் தயக்கமே இல்லை. அசலைப் போலத் தெரிவதைவிடப் படிக்க முடிவது பெரிது.

பேனல் தயாரானதும் சோதிப்பது எளிது. விமானத்தை மேலே கொண்டுபோய், தெளிந்த வானத்தில் 30 டிகிரி சாய்த்து அப்படியே நிறுத்துங்கள். செயற்கை அடிவானத்தின் கோடும் வெளியே தெரியும் அடிவானமும் இணைகோடுகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் அளவுகோலைத் திரையில் சாய்த்து வைத்தாலே தெரிந்துவிடும். இணையாக இல்லையென்றால் எங்கோ அகலத்தையும் உயரத்தையும் வேறு வேறு எண்ணால் பெருக்கியிருக்கிறோம்.

2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் தட்டைப் பேனல் கிடையாது, முப்பரிமாண காக்பிட் மட்டும்தான். இனி இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஆனால் கேள்வி வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. புதிய செஸ்னாக்களில் ஆறு டயல்களுக்குப் பதிலாக கார்மின் ஜி1000 என்ற இரண்டு திரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 10.4 அங்குலம், 1024-க்கு 768, அதாவது நம் பழைய 4-க்கு 3! சிமுலேட்டரில் வலது ஆல்ட்டை அழுத்தியபடி அந்தத் திரையைச் சொடுக்கினால் அது தனி ஜன்னலாகக் கழன்று வரும். இன்னொரு மானிட்டருக்கு இழுத்துப்போய் முழுத்திரை ஆக்கினால் பழைய நோய் மறுபடி வரும், செயற்கை அடிவானம் படுத்துவிடும். மாறாக இரண்டு திரைகளையும் 960-க்கு 720 அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1920 அகலம் சரியாக நிரம்பும், கீழே 360 வரிசை மிஞ்சும்.

வட்ட டயல்களை விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஏர் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் டயல்களை மட்டும் இரண்டாவது மானிட்டரில் வரைந்து தருகின்றன. அந்த மானிட்டரின்மேல் வட்டத் துளைகள் போட்ட மெல்லிய பலகை ஒன்றைப் பொருத்தினால், ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு டயல் தெரியும். ஜன்னலோடு பங்குபோட வேண்டியதில்லை என்பதால் உயரம் முழுவதும் டயல்களுக்கே. 24 அங்குல முழு எச்டி திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல், ஆகவே 3 1/8 அங்குல டயலுக்கு 287 பிக்சல். மூன்று வரிசைக்கு 861. இடைவெளிகளுக்கும் சேர்த்து 1080-க்குள் உட்கார்ந்துவிடும். ஆறு டயல்களை உண்மை அளவில் வைத்து, கீழே எஞ்சின் சுழற்சிமானிக்கும் இடம் கொடுக்கலாம். 22 அங்குலத் திரை என்றால் அதே டயலுக்கு 313 பிக்சல் வேண்டும். மூன்று வரிசைக்கு 939. அதுவும் போதும், கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். பலகையில் துளை போடுவதற்கு முன் பெட்டியின்மேல் அச்சிட்ட அங்குலத்தை நம்பாமல், டேப்பை எடுத்துத் திரையில் ஒளிரும் பகுதியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 1920-ஐ அந்த அங்குலத்தால் வகுத்து, வந்த எண்ணை 3.125-ஆல் பெருக்கினால் உங்கள் டயலின் விட்டம் பிக்சலில் கிடைக்கும்.